ஒரு ஞாயிறு நீங்களும் கூடப் போங்கள்



பங்குனி பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். பெற்றோர் தேர்வைப் பற்றி எழுதுவார்கள், பிள்ளைகள் விடுமுறையைப் பற்றி எழுதுவார்கள். இந்த முறை வந்தவற்றில் இரண்டைக் கட்டில் சேர்க்காமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். ஒன்று சிதம்பரத்திலிருந்து பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது. விடுமுறையில் விலங்குக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக வேலை செய்ய ஆசைப்படுகிறாள், அம்மா விடமாட்டேன் என்கிறார், நீங்கள் எழுதினால் அம்மா கேட்பார் என்கிறாள். மற்றது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. அவருடைய மகன் கேட்பதும் இதையேதான். "தினமும் பேப்பரில் நாய்க்கடிச் செய்தி வருகிறது. வேண்டாம் என்றால் இரக்கம் இல்லாதவள் என்கிறான். சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

இந்த மாதப் பக்கம் அந்த இரண்டு வீடுகளுக்கும், அவற்றைப் போன்ற மற்ற வீடுகளுக்கும். நான் பிள்ளைகள் பக்கம்தான் பேசப் போகிறேன். ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தாயின் பயம். அதைத் தட்டிக்கழித்துவிட்டு இரக்கம், கருணை என்று பேசிக்கொண்டே போனால் அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். திருப்புவதும் நியாயம்தான்.

ரேபிஸ் என்னும் வெறிநோய் விளையாட்டுக் காரியம் அல்ல. அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் வருகிறது. ஒரு தாய் பயப்பட இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கே கடிபட்டார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டு வாசலில், தெருமுனையில், கடைக்குப் போகும் வழியில், விளையாடும் மைதானத்தில். அவர்களில் பலர் வீட்டில் சொல்லவே இல்லை. கீறல்தானே என்று விட்டிருப்பார்கள், அல்லது சொன்னால் அடி விழும் என்று பயந்திருப்பார்கள். 'நாய்கிட்டப் போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்' என்ற வசவுக்குப் பயந்து கால்சட்டைக்கு அடியில் காயத்தை மறைத்துக்கொண்ட பிள்ளைக்குத் தடுப்பூசி போட யாராலும் முடியாது. இந்த நோயைத் தடுக்க மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே இருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்தால்தான் அது உடம்புக்குள் போகும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நாய் பக்கம் போகாதே என்று தடை போட்ட வீட்டுப் பிள்ளை நாயைத் தொடாமல் இருப்பதில்லை. உங்களுக்குத் தெரியாமல் தொடுகிறது. டியூஷன் போகும் வழியில் பிஸ்கட் பொட்டலம் வாங்கிப் பிரித்துப் போடுகிறது, பாதி கட்டிய வீட்டின் மணல்மேட்டில் குட்டி போட்டிருக்கும் நாயை எட்டிப் பார்க்கிறது. ஊசி போடாத, யார் கண்ணும் படாத நாய் அது. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. கடித்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்கும் தெரியாது. அனுமதி கொடுத்த வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? கடிபட்டால் நேரே வந்து உங்களிடம் சொல்லும். இரண்டில் எந்த வீடு பாதுகாப்பானது என்று மஞ்சக்குப்பத்துத் தாயே சொல்லட்டும்.

சரி, கடித்தால் என்ன செய்வது? இதைக் காப்பகத்துக்குப் போகும் பிள்ளை மட்டுமல்ல, இந்த மாவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஐந்து நிமிடத்திலேயே கால் மணி ஆகிவிட்டது போலத் தோன்றும். இந்தக் கழுவல் பாதி வைத்தியம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடவும் கூடாது. கழுவியதும் அன்றைக்கே மருத்துவமனை. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசியைக் கடிபட்ட நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறை வரச் சொல்லிப் போடுகிறார்கள். ரத்தம் வரும் அளவுக்குக் கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கண்கலங்குவார். அந்த ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியா அதைக் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், நிம்மதியாக இருப்பார்.

இதைவிட முக்கியமான ஒன்று, கடிக்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி. கால்நடை மருத்துவர்களும், கால்நடை மருத்துவ மாணவர்களும், காப்பகத்தில் வேலை செய்பவர்களும் இதைப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி. இதைப் போட்டுக்கொண்டவருக்குப் பிறகு கடி விழுந்தாலும் அன்றைக்கும் 3-ஆம் நாளும் இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கழுவுவதை மட்டும் யாரும் விடக் கூடாது. ஆக, காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பிள்ளை உங்கள் தெருவிலேயே ரேபிஸிலிருந்து அதிகப் பாதுகாப்பு உள்ள பிள்ளையாக ஆகிவிட முடியும். அந்த வாய்ப்பை ஏன் விட வேண்டும்?

மற்ற பயங்களும் இருக்கின்றன. சொறி, உண்ணி, படர்தாமரை, எலிக்காய்ச்சல் எல்லாம் உண்மைதான். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், குறிப்பாகப் பூனைக் கழிவு விஷயத்தில். மற்றபடி கையுறை, மூடிய செருப்பு, காப்பகத்துக்கென்று ஒதுக்கிய பழைய உடுப்பு, வீட்டுக்குள் நுழையும் முன் கைகால் கழுவிக் குளிப்பது இவ்வளவே. நம் வீடுகளில் மயானம் போய் வந்தாலும், நெடும்பயணம் போய் வந்தாலும் பின்பற்றிய வழக்கம்தானே.

இனி வள்ளலாரிடம் வருகிறேன். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை அவர் இல்லாமல் பேச முடியுமா?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823-இல் பிறந்தவர் இராமலிங்க அடிகள். பயிர் வாடுவதற்கும் மனம் நொந்து அவர் பாடியதை நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்தப் பாட்டில் வரும் இரக்கத்தைப் பிள்ளை உண்மையாகவே எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் மட்டும் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது.

அவர் வீட்டிலும் இந்தப் பதற்றம் இருந்தது. தந்தை இறந்த பிறகு குடும்பம் சென்னை ஏழுகிணற்றுக்குப் போனது. தம்பியைப் படிக்க வைக்கும் பொறுப்பு அண்ணன் சபாபதிக்கு. தம்பியோ பாடத்தை விட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். வரலாறு எழுதியவர்கள் சொல்வது இது: அண்ணன் கோபத்தில் இனி வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார், அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் அழைத்துச் சோறு போட்டார். ஒருநாள் அண்ணி கண்ணீரோடு கேட்டுக்கொண்டதும், வீட்டில் தனக்கென்று ஓர் அறை கொடுத்தால் இருந்து படிப்பதாகத் தம்பி சொல்ல, மாடியில் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த அறையில்தான் அவர் கண்ணாடியையும் விளக்கையும் வைத்து வழிபட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அந்த அண்ணி. கணவரின் கவலையும் பொய் இல்லை, கொழுந்தனின் மனமும் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் ஓர் அறைக்கு வழி பண்ணினார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அத்தையோ, சித்தப்பாவோ, தாத்தாவோ. சிதம்பரத்துத் தங்கையே, அம்மாவிடம் கத்துவதை விட்டுவிட்டு உன் வீட்டில் அது யார் என்று பார்.

பின்னாளில் அந்தத் தம்பி வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் ஜோதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஒருமுறை அடுப்படிப் பக்கம் நின்று பாருங்கள். அரிசி களைய ஆள், விறகு தள்ள ஆள், அண்டா கழுவ ஆள், இலை எடுக்க ஆள். கருணை அங்கே தினசரி வேலையாக நடக்கிறது. அதனால்தான் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல், கைவிடப்பட்ட, அடிபட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 20 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தபோது, அதற்கு 'வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்' என்றே பெயர் வைத்தது. நம் மண்ணில் பிறந்தவர் பெயரில் காப்பகங்களுக்குத் திட்டம் இருக்கும்போது, நம் மண்ணின் பிள்ளைகள் அவற்றின் வாசலில் தயங்கி நிற்க வேண்டாம்.

காப்பகத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று பல பெற்றோருக்குத் தெரியாது. கேட்கும் பிள்ளைகளுக்கே பலருக்குத் தெரியாது. கைபேசியில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு, குட்டிகளை மடியில் வைத்துக் கொஞ்சுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. காலையில் கூண்டுகளையும் தரையையும் கழுவ வேண்டும். கழிவை அள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பாசியைத் தேய்க்க வேண்டும். சோறு பிசைந்து தட்டுத் தட்டாக வைக்க வேண்டும், எது சாப்பிடவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அதை நோட்டில் எழுத வேண்டும். பழைய கோணிகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும். பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு நாயின் அருகே, அதைத் தொடாமல், கண்ணைப் பார்க்காமல், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கடினம் என்று நினைக்கிறேன். பதினாறு வயதில் அரை மணி நேரம் சும்மா உட்காரக் கற்றுக்கொண்ட பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்று யார் சொல்ல முடியும்?

கூடவே விலங்கின் பாஷையும் வந்து சேரும். உறங்கும் நாயை எழுப்பக் கூடாது, தின்னும் நாயின் தட்டருகே கை போகக் கூடாது, குட்டி போட்ட நாயிடம் நெருங்கக் கூடாது. வால் ஆடினால் எல்லாம் சந்தோஷம் அல்ல. உடம்பு விறைத்து, வால் மேலே தூக்கி மெல்ல ஆடினால் எச்சரிக்கை. துரத்தும் நாயைக் கண்டு ஓடக் கூடாது, கையை உடம்போடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். இதெல்லாம் உங்கள் பிள்ளைக்குத் தெரிந்தால், அது தன் தம்பிக்குச் சொல்லும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லும். பள்ளிக்கூடம் சொல்லித்தராத பாடம் இது.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாக்கள் வெளியே சொல்லாத பயம் அதுதான். காப்பகத்தில் விலங்குகள் சாகும். பார்வோ வைரஸ் வந்த குட்டிகள் இரண்டு மூன்று நாளில் போய்விடும். நேற்றுக் கையால் தண்ணீர் கொடுத்த குட்டி இன்றைக்கு இல்லை என்று பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க உங்களுக்குத் தாங்காது. இதற்கு மாற்று மருந்து ஏதும் இல்லை. ஆனால் விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையில் பேருந்து சன்னல் வழியாக அடிபட்டுக் கிடக்கும் நாய்களைப் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகள் ஏற்கெனவே முகத்தைத் திருப்பப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைவிட அந்த அழுகை நல்லது என்று நான் மனதார நம்புகிறேன். அன்றைக்கு இரவு பக்கத்தில் உட்காருங்கள், 'அதுக்குத்தான் போகாதேன்னேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெற்றோர் முன்னே நின்று நடத்திய காப்பகக் கதை ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு, சென்னை. மழை வெள்ளத்தில் தியாகராய நகரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்தார் விமானி கேப்டன் வி. சுந்தரம். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர், இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளில் ஒருவர். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து அந்த வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. 1964-இல் அது முறைப்படி பதிவானது. மகன் சின்னி கிருஷ்ணா அதன் பெரிய தூணானார். நாய்களைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். சென்னை மாநகராட்சி 1996-இல் அந்த வழிக்கு வந்தது. 2001-இல் நாடு முழுமைக்கும் அது விதியானது, 2023-இல் புது விதிகள் வந்தன. ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கிய காரியம் நாட்டின் சட்டத்துக்குள் போயிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு மன்றாட வேண்டியிருக்கவில்லை, பெற்றோரே கூட இருந்தார்கள்.

வெள்ளம் நமக்கும் புதிது அல்ல. 2004 சுனாமி, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு முறையும் மனிதரைக் கரை சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கட்டுத்தறியில் அவிழ்க்காமல் விட்ட மாடு, மொட்டை மாடியில் தனியே மாட்டிக்கொண்ட நாய். கயிற்றை எப்போது அவிழ்ப்பது, பயந்த விலங்கை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்த இளைஞர்கள் கடலூர் மாவட்டத்துக்கு மற்ற ஊர்களைவிட அதிகமாக வேண்டும். காப்பகத்தில் பழகிய கை அப்போது உதவும்.

காப்பகங்களின் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. தெருநாய்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025-இல் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளை ஒட்டி வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும் என்று நவம்பரில் வந்த உத்தரவு சொல்கிறது. அதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். அப்படிச் சேர்க்கும் நாய்களுக்குச் சோறு வைக்கவும் கூண்டு கழுவவும் மனிதர்கள் வேண்டும். நாயை வெறுப்பவர்களும் நேசிப்பவர்களும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

சரி, எப்படித் தொடங்குவது? மஞ்சக்குப்பத்து அம்மாவிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மகனுக்கு இப்போது சரி என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். அவன் சொல்லும் காப்பகத்துக்கு ஒரு ஞாயிறு காலை நீங்களும் கூடப் போங்கள். அப்பாவும் வந்தால் இன்னும் நல்லது. உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்தத் தோன்றும், பரவாயில்லை. நல்ல காப்பகத்திலும் வாசனை இருக்கும். ஆனால் தரை ஈரமாக, கழுவியதாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வந்த, நோயுள்ள விலங்குகளைத் தனியே வைத்திருக்கிறார்களா? உங்கள் பிள்ளையை அந்தப் பக்கம் விடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டாயிற்றா, நோட்டைக் காட்டுவார்களா, பிள்ளை வேலை செய்யும் நேரம் முழுக்கப் பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருப்பாரா, கடி விழுந்தால் யார் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று எல்லாவற்றையும் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளும் இடமாக இருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள், அவனும் ஒத்துக்கொள்வான். பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்காத காப்பகமே உங்களுக்கு ஏற்றது.

சிதம்பரத்துத் தங்கைக்கு: உன் அம்மாவின் கவலையில் பாதி நாய் அல்ல, பேருந்து. எந்த வண்டியில் போவாய், யாருடன் போவாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள். பகல் நேரம் மட்டும், வாரம் ஒரு நாள் மட்டும் என்று நீயே முன்வந்து சொல். வீட்டுக்கு நாய்க்குட்டி கொண்டுவர மாட்டேன் என்றும் சொல்லிவிடு, ஏனென்றால் அம்மா அதைத்தான் உள்ளுக்குள் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்று.

பக்கத்தில் காப்பகம் இல்லை, தூரம் அனுப்ப மனம் இல்லை என்றால் ஊரிலேயே வேலை இருக்கிறது. ஜூலை 6-ஆம் தேதி உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885-இல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசி போட வைத்தார். அவன் பிழைத்துக்கொண்டான். அந்த நாளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும். வரிசையைப் பார்த்துக்கொள்ள, பெயர் எழுத, தெருவில் வீடு வீடாகச் சொல்லிவர ஆட்கள் வேண்டும். அடிபட்ட மாட்டையோ நாயையோ கண்டால் 1962 என்ற இலவச எண்ணை அழைத்து, கால்நடை மருத்துவ ஊர்தி வரும்வரை கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் தொண்டுதான்.

கடலோரத்து வீடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. வனத்துறையினர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்களே இதற்கென்று ஓர் அமைப்பு வைத்து, இரவு முழுக்கக் கடற்கரையில் நடக்கிறார்கள். பிள்ளையை முதலில் குஞ்சு விடும் மாலையொன்றுக்கு அழைத்துப் போங்கள். ஆமை கடிக்குமோ என்று எந்தப் பாட்டியும் பயப்பட மாட்டார். வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் சொன்னபடி மட்டும் செய்ய வேண்டும், ஏனென்றால் வனவுயிர்ச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு அந்த ஆமைகளுக்கு உண்டு.

கடைசியாக நாள் கணக்கு. பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் இடையில் நான்கு வாரம் வரை வேண்டும். அதனால் விடுமுறை விட்ட பிறகு யோசிக்கலாம் என்று தள்ளினால் மே மாதம் ஊசியிலேயே போய்விடும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் குடும்ப மருத்துவரைப் பார்த்து, கடிக்கு முன் போடும் தடுப்பூசி என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் கேட்டுவிடுங்கள். காப்பகத்தைப் பார்க்கப் போகும் ஞாயிறை ஊசிக்கு முன்பே வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு எந்த விலங்கையும் தொடாமல் சுற்றிப் பார்த்தால் போதும். பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், எது ஒப்பவில்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒரு கால்நடை மருத்துவரிடமும் ஒரு குழந்தைநல மருத்துவரிடமும் கேட்டு அடுத்த இதழில் பதில் வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்